மூன்றாவது பம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இங்கிலீஷ் பாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டான் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கிற பவர் பிரஸ் இருபத்திரண்டு ஓடுகிற ஷெட் என்னுடையது. திருவேற்காட்டில் மூன்று மாடி வீடு. இரண்டையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, நானே சம்பாதித்தேன். அந்தப் பாட்டையும் அப்படித்தான் சம்பாதித்தேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் அதை அடித்தொண்டையில் வைத்திருக்கிறேன்.

அந்த வகைப் பாட்டுக்கு டூ வாப் என்று பெயராம். அதுவும் என் போன் சொல்லித்தான் தெரியும். நாங்கள் அதைப் பம் பம் பாட்டு என்போம். நாலைந்து பேர் சேர்ந்து பாடுவது. வாத்தியம் அதிகம் கிடையாது, வாயே வாத்தியம். ஒருவன் முன்னால் நின்று பெண்ணைக் கூப்பிடுவான். இரண்டு பேர் பின்னால் நின்று ‘டுவா டுவா’ என்பார்கள். அடித்தொண்டைக்காரன் ஒருவன் ‘பம் பம் பம்’ என்று தரையில் முளை அடிப்பதுபோல் போட்டுக்கொண்டே வருவான். அந்த அடித்தொண்டை நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வயதில் நான் பம் என்றால் பக்கத்தில் வைத்த டீ கிளாஸ் நடுங்கும்.

நம்முடைய காதல் பாட்டுகளில் அழுகை அதிகம். மழை கொட்டும், ரயில் போய்விடும், யாராவது தூரத்தில் நின்று கண்ணைத் துடைப்பார்கள். பம் பம் பாட்டில் ஒருத்தரும் சாகமாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பாட்டில், கற்றுக்கொடுத்தவர் சொன்ன கதைப்படி, ஒரு பையன் ஒரு வீட்டு கேட் பக்கத்தில் நிற்பான். அந்தப் பெண் சனிக்கிழமை வா என்பாள். சனிக்கிழமை போனால் அடுத்த சனிக்கிழமை என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவான். கதை அவ்வளவுதான். மீதிப் பாதி, வார்த்தையே இல்லாத சத்தம். இங்கிலீஷ் கரைத்துக் குடித்தவனுக்கும் பம் என்றால் என்னவென்று தெரியாது. அந்த இடத்தில் அவனும் நானும் ஒன்று. அதனால்தான் அந்தப் பாட்டு இன்றைக்கும் என்னை விடவில்லை. இப்போது என் காரில் போட்டாலும் கால் தானாக ஆடுகிறது.

ஆனால் அந்தக் காலைத்தான் நான் அடக்கத் தெரியாமல் போனேன். இவ்வளவு லேசான ஒரு பாட்டில் ஒருத்தனுடைய மூன்று விரல் போயிற்று. போக்கியவன் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. எனக்கு ஜோடி ஒரு பூந்தமல்லிப் பையன், முஸ்லிம். அவனை நான் பாய் என்பேன், அவன் என்னை மாமே என்பான். எங்கள் ஃபோர்மேன் ஆங்கிலோ இந்தியர். பெரம்பூர் பக்கத்திலிருந்து ரயிலில் வருவார். மெலிந்த ஆள், கோபம் வந்தால் காது சிவக்கும். அவர்தான் எங்களுக்கு அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தார். பொழுதுபோக்குக்காக இல்லை, வேலைக்காக.

பெரிய தகடு என்றால் ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் தகட்டை இரும்பு அச்சுக்குள் வைக்க வேண்டும். மற்றவன் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் மேலிருந்து நாற்பது டன் பாரம் இறங்கும். கைக்குத் தடுப்பாக ஒரு கம்பி வலை உண்டு, வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஷாப்பிலும் அப்படித்தான். வைக்கிறவன் கையை எடுத்துவிட்டானா என்று மிதிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். மிஷின் சத்தத்தில் சாதாரணப் பேச்சு காதில் விழாது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆயிரம் தகட்டுக்குப் பிறகு கண் செத்துவிடும்.

“பேசினா கை மறந்து போகும் மேன்,” என்பார் ஃபோர்மேன். “பாடினா கைக்கு ஞாபகம் இருக்கும். பாடு.”

முதல் பம்முக்குத் தகடு உள்ளே. இரண்டாவது பம்முக்குக் கை வெளியே. மூன்றாவது பம்முக்கு என் கால். பாய் தகட்டை வைத்துக்கொண்டே பெண்ணைக் கூப்பிடுகிற வரியைப் பாடுவான். அவனுக்குக் குரல் தேன் மாதிரி. எங்கள் இரண்டு பேரைப் பார்த்து மற்ற பிரஸ்களிலும் பாட ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் ஒரு நகம்கூட நசுங்கவில்லை. தகட்டுக் கணக்கில் அந்த எஸ்டேட்டிலேயே எங்களை அடிக்க ஆள் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே நின்று அதே பாட்டைச் சும்மாவும் பாடுவோம். பாய் வலது கையால் சொடக்குப் போடுவான். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

“மாமே, என்னைப் பாக்குது.”

“உன்னை இல்லடா, என் தொண்டையைப் பாக்குது.”

“தொண்டை வெளிய தெரியுதா? தொப்பைதான் தெரியுது.”

ஒருநாள் முதலாளி வெளியூரிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய ஆர்டர் கொடுக்கக்கூடியவர்கள். பாடிக்கொண்டே வேலை செய்கிற ஷாப் என்று அவர்களுக்கு எங்களைக் காட்ட வேண்டும். ஃபோர்மேன் அந்த வாரம் லீவு. முதலாளி எங்கள் பிரஸ் பக்கத்தில் வந்து நின்று, “நடத்துங்கப்பா” என்றார்.

நடத்தினோம். அவர்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். ஆனால் அவர்கள் கண் பாய் மேல்தான் இருந்தது. முன்னால் பாடுகிறவன் அவன், அழகானவன் அவன். பெடல் பக்கத்தில் குனிந்து நிற்கிற என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. என் தொண்டையும் இருக்கிறது பாருங்கள் என்று காட்டத் தோன்றியது. பம் பம் பம் என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டியதை, ‘பபபம்’ என்று ஒரே உருட்டாக உருட்டினேன். நன்றாகத்தான் வந்தது. அவர்களில் ஒருத்தர் என் பக்கம் திரும்பினார். அந்த முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கால், தொண்டைக்குப் பின்னாலேயே போய்விட்டது.

பாய் கத்தவில்லை. பாட்டு நின்றதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். யாரோ வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். முதலாளி வெளுத்துப்போய், “யாருடா தப்பு?” என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நான்தான் சார். கையை லேட்டா எடுத்துட்டேன். எண்ணிக்கை தப்பிப்போச்சு.”

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ரிஜிஸ்டரில், தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அடுத்த வாரம் ஃபோர்மேன் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பம் சரியா போட்டியா மேன்?”

“போட்டேன் சார்.”

அவர் ரொம்ப நேரம் என் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பில் பாட்டு இல்லை. அடுத்த வருஷம் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார்.

என்னுடைய வளர்ச்சியை ஊரே பார்த்தது. சூப்பர்வைசர் ஆனேன். பிறகு ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கி ஓலைக் கொட்டகையில் போட்டு நானே முதலாளி ஆனேன். இன்றைக்கு என் ஷெட்டில் பெடலே கிடையாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், குறுக்கே விரல் போனால் மிஷின் தானாக நிற்கும். சட்டம் கேட்பதற்கு முன்பே நான் செய்தேன். என்னிடம் ஒருத்தருக்கும் ஒரு விரல் போனது கிடையாது. மிஷின் ஓடும்போது யாரும் பாடக்கூடாது என்று போர்டே எழுதி மாட்டியிருக்கிறேன். கிழவனுக்கு ரசனை இல்லை என்று பசங்கள் நினைக்கிறார்கள்.

பாய்க்கு என் ஷெட்டில்தான் வேலை கொடுத்தேன். கேட்டில் செக்யூரிட்டி, இருபத்தாறு வருஷம். பழைய கூட்டாளியை மறக்காதவன், பெரிய மனசு என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் பாட்டு உண்டு. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் நானும் அவனும் ஷெட் நடுவில் நிற்போம். பாய் இடது கையால் சொடக்குப் போடப் பழகியிருந்தான். அறுபது வயதிலும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. கேட் பக்கத்தில் நிற்கிற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். பசங்கள் விசில் அடிப்பார்கள். அந்த மூன்று நிமிஷம் அவன் கை முழுசாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் வருஷம் முழுக்க அவனைக் கேட்டில் உட்கார வைத்திருந்தேனோ என்றுகூடச் சில சமயம் நினைப்பேன்.

போன வருஷம் சர்க்கரை அவன் கிட்னியைத் தின்றுவிட்டது. நசரத்பேட்டை தாண்டி ஒரு இடத்தில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். என் காரில் நானே கூட்டிப்போனேன். டிரைவரை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. வழியெல்லாம் போனில் பம் பம் பாட்டுகளாகப் போடுவேன். எங்களுக்குத் தெரியாத பாட்டு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றிலும் யாரோ ஒருத்தன் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்று பாய் சொல்வான்.

“இவனுங்களுக்கு வேலை வெட்டியே கிடையாதா மாமே?”

“உனக்கு மட்டும் இருந்துச்சா? நீயும் கேட்லதானடா உட்காந்திருந்த.”

“அது சம்பளத்துக்கு. இவன் ஓசியில நிக்கிறான்.”

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயத்துக்கும் பலமில்லை, அதிக நாள் தாங்காது என்று சொன்ன வாரம் அது. திரும்பி வரும்போது டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். காரில் எங்கள் பாட்டு ஓடியது. அவன் பாடினான், நான் பம் போட்டேன். மூச்சு வாங்கியதால் பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“இந்த இடத்துலதான் மாமே நான் கோட்டை உட்டேன். எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.”

“உடு பாய்.”

“இல்ல, கேளேன். அன்னிலேர்ந்து என் மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. சைக்கிளைக்கூடத் தொடல. எம் புள்ளைங்க கையைப் புடிச்சி ஒருநாள்கூட ரோட்டைக் கிராஸ் பண்ணதில்ல, தெரியுமா உனக்கு? எல்லாம் எம் பொண்டாட்டிதான். எண்ணிக்கை தப்புற ஆளு நானு. புள்ளையைப் புடிச்சிகினு நடு ரோட்டுல தப்பிட்டா இன்னா பண்றது?”

இந்த விஷயம் எனக்குத் தெரியாது. மூன்று விரல் போயிற்று என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சாகப்போகிறான், எண்ணத் தெரியாதவன் என்று தன்னை நினைத்துக்கொண்டே சாகப்போகிறான். பாட்டை நிறுத்தினேன்.

“நீ தப்பல பாய். நான்தான்.”

“இன்னா நீ?”

“முதலாளி ஆளுங்களைக் கூட்டினு வந்தாரே அன்னிக்கு. அவங்க என்னையும் பாக்கணும்னு உருட்டுனேன். ரெண்டுலயே மிதிச்சிட்டேன். நீ சரியாத்தான் எண்ணுன.”

“எப்படி உருட்டுன? பாடு.”

பாடிக் காட்டினேன். எழுபது வயதுத் தொண்டையில் அந்த உருட்டு சரியாக வரவில்லை. ஆனாலும் அவனுக்குப் புரிந்தது. ரொம்ப நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

“எனக்குக் கேட்டுச்சு மாமே,” என்றான். “அன்னிக்கே கேட்டுச்சு, அந்த உருட்டு. என் காதுதான் தப்புன்னு நெனச்சிகினேன். நீ தப்புவேன்னு எனக்குத் தோணவே இல்ல.”

நான் பாட்டுப் போட்ட போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“இப்ப ஏன் சொன்ன?”

“மனசுல வச்சிகினு இருக்க முடியல.”

“இப்ப உன் மனசு லேசாயிடுச்சா?”

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. நான் கியர் போடவில்லை.

“வண்டியை எடு,” என்றான். “பின்னால ஹார்ன் அடிச்சிகினே கீறான்.”

அவன் வீட்டு வாசலில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். அவன் பிடிக்கவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது கிரில் கேட் பூட்டியிருந்தது. மனைவியோடு ஆட்டோவில் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்கடுத்த தடவையும் அப்படியே. ஷெட்டிலிருந்து பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் அனுப்பினேன். திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அவன் மனைவி வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற பெண், என் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

“தூங்குறாரு அண்ணே.”

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“என் மேல கோவமா இருக்கானாம்மா?”

“எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணே. கோவம்னு சொல்லவும் வரல. உங்க பேச்சை எடுத்தா எழுந்து அந்தாண்ட போயிடுறாரு.” கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நேத்து பேத்தி கையைப் புடிச்சிகினு மெயின் ரோட்டைக் கிராஸ் பண்ணாரு. நிக்கவே தெம்பு இல்லாத ஆளு. பஸ்ஸும் லாரியும் வருது. நான் கத்துறேன், திரும்பியே பாக்கல. அந்தாண்ட போய் நின்னுகினு அழுவுறாரு. எனக்குச் சந்தோஷப்படுறதா பயப்படுறதான்னு தெரியல அண்ணே. இன்னா சொன்னீங்க அவராண்ட?”

நடந்ததைச் சொன்னேன். வேலைக்காரனிடம் பேசி ஒப்பேற்றுகிற வாய் இது. அவளிடம் நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவள் கேட்டுவிட்டுத் தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நாப்பது வருஷம் எம் புள்ளைங்களை நான் தனியா இழுத்துகினு அலைஞ்சேன் அண்ணே,” என்றாள். “அப்பன் இருந்தும்.” உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாராவது மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் கேட்டது மன்னிப்பு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அவனோடு இன்னும் ஒரு தடவை அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பம்மைத் தனியாகப் போட முடியாது. பாத்ரூமில் போட்டுப் பார்த்தேன், கிணற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. இந்த ஆயுத பூஜைக்கு ஷெட்டில் பசங்கள், “பாட்டு இல்லையா முதலாளி?” என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

போன வாரம் மறுபடியும் போனேன். அவன் வீடு இருக்கிற சந்தில் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியிருந்ததால் காரை மசூதித் தெருவிலேயே விட்டுவிட்டு நடந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வரும்போதே கேட்டது. பாடிக்கொண்டிருந்தான். குரலில் பாதிதான் இருந்தது, மீதி மூச்சு. ஆனால் கேட் பக்கத்தில் நிற்கிற அந்தப் பையனை அப்படியே கொண்டுவந்தான். சனிக்கிழமை வா என்று அவள் சொல்கிற இடத்தில் பேத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடித்தொண்டை வரவேண்டிய இடம் வந்தது. என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் அவனே போட்டுவிட்டான். மெல்லிசான குரலைக் கீழே இறக்கி, ஒன்று, இரண்டு, மூன்று. அடித்தொண்டைக்கு ஏற்ற குரலே இல்லை அது. ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. என்னைவிடச் சரியாக விழுந்தது என்று எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வீட்டு முன்னால் போய் நின்றேன். ஜன்னல் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பேத்தி அவன் மடியில். நான் நிற்பதைப் பார்த்துவிட்டான். நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு பங்கையும் பாடினான், கடைசி வரைக்கும். முடித்து மூச்சு வாங்கினான். பேத்தி கை தட்டியது.

நான் ஜன்னல் கம்பிக்குக் கிட்டே போனேன்.

“நல்லா போட்ட பாய்,” என்றேன்.

“போட்டனா?” என்றான்.

“போட்ட.”

பேத்தி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது.

“ஊட்டுக்குப் போ மாமே,” என்றான். “மழை வர மாதிரி கீது. தோண்டி வச்சிருக்கானுங்க, பாத்துப் போ.”

வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. குழி ஓரமாகவே நடந்து கார் வரைக்கும் வந்தேன்.